பாடாங் செராய் டென்ட் வாடகைக் கடை: தாய்லாந்து மழைக்கு எதை எடுக்கலாம், எதை விடலாம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய் டவுனில் கேம்பிங் சாமான் வாடகைக்கு விடும் கடையில் நிற்க இடம் இருக்காது. சுற்றியுள்ள தோட்டங்கள், தாமான்களிலிருந்து (குடியிருப்புகளிலிருந்து) குடும்பத்தோடு காரில் தாய்லாந்து போகிறவர்கள்தான் அதிகம். ஆண்டுக் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. அந்த மழைக்கு இந்தக் கடையின் செட் தாங்குமா என்றால், டென்ட் தாங்கும்; கூடக் கொடுக்கும் சில்லறைச் சாமான்தான் காலை வாரிவிடும்.

குடும்பச் செட் மூன்று இரவுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 100. ஆறு பேர் டென்ட், டென்ட்டுக்கு மேலே போடும் மழைத்துணியான மேல்விரிப்பு, தரைக்கு நீலக் கன்வாஸ், முளைகள், கயிறு, கேஸ் அடுப்பு. ஆறு பேர் என்பது ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் போட்ட கணக்கு. மழையில் பை, செருப்பு எல்லாம் உள்ளே வந்துவிடும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்குத்தான் அது சரி. மலிவு என்று நாலு பேர் டென்ட்டை எடுத்தால் யாராவது ஒருவர் காரில் தூங்க வேண்டியதுதான்.

மேல்விரிப்பில் 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். எந்த மழைக்கும் இது தாராளம். ஆனால் ஒழுகுவது பெரும்பாலும் துணியில் இல்லை, தையலில். இந்தக் கடையில் டென்ட்டுகள் மாடியில், தகரக் கூரைக்கு நேர்கீழே கிடக்கின்றன. அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்துப் போகும், தையல்மேல் ஒட்டிய டேப் உரியும். அதனால் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் விரிப்பார். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. உள்பக்கத்தைத் தடவும்போது விரல் ஒட்டினாலோ, புளித்த வாடை அடித்தாலோ, டேப் நகத்தோடு கிளம்பி வந்தாலோ வேறு டென்ட் கேளுங்கள்.

அடுத்தது கம்பு. ஃபைபர் கிளாஸ் கம்பு, இரண்டு துண்டும் சேரும் குழாய்க்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளக்கும். துணியால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள், வெறுங்கையால் வேண்டாம். சிராய் ஏறினால் எடுப்பது பாடு. அலுமினியக் கம்பு போட்ட செட் சிலதான் இருக்கின்றன, 20 வெள்ளி கூடுதல். காற்றோடு வரும் மழைக்கு அந்தக் காசு வீணில்லை.

முளைகளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஒரு சாண்கூட இல்லாத மெல்லிய கம்பி. ஊறிய மண்ணிலும் கடற்கரை மணலிலும் இரண்டு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். ஹார்ட்வேர் கடையில் 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, தலையை வளைத்து வாங்கினால் பன்னிரண்டு போதும். முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மேல்விரிப்பு உள்துணியைத் தொடாத அளவுக்குக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள்; தொட்ட இடத்தில் நீர் கோர்த்து உள்ளே இறங்கும். நைலான் துணி நனைந்தால் தொய்யும், ஆகவே மழை தொடங்கிய பிறகு ஒருமுறை இறுக்க வேண்டும்.

தரைக்குக் கொடுக்கும் நீலக் கன்வாஸ் டென்ட்டைவிடப் பெரியது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் விழும் மழை அப்படியே வழிந்து டென்ட்டின் அடிக்குப் போய்த் தேங்கும். நாலு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள், ஓரம் வெளியே தெரியக்கூடாது.

வாசலுக்கு மேலே கட்ட இன்னொரு கன்வாஸ் சொந்தமாக வேண்டும்; கடையில் இல்லை. 10க்கு 12 அடி போதும். ஒரு மூலையைக் கட்டாயம் தாழ்த்திக் கட்டுங்கள். அந்த அளவு கன்வாஸில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 220 லிட்டர் தண்ணீர். வடிய வழியில்லாமல் நடுவில் தொப்பை போட்டால் கம்போடு சாயும். அடுப்பு இந்தக் கன்வாஸுக்கு அடியில்தான், எவ்வளவு மழையானாலும் டென்ட்டுக்குள் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. கேஸ் டின் ஒன்று முழுத் தீயில் சுமார் ஒன்றரை மணி நேரம் வரும்.

விடிகாலையில் மேல்விரிப்பின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஒழுகிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நாலு பேர் விட்ட மூச்சு அது. மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தை மழையென்று மூடிவிடுவதால் வரும் வினை.

கடையில் தரும் வழிகாட்டித் தாளில் பாஸ்போர்ட், கார் கிராண்ட் (பதிவுச் சான்று) இரண்டை மட்டும் எழுதியிருக்கிறார்கள். போதாது. காருக்குக் கடன் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதியை எல்லைக்கு முன்னால் வரும் சங்லூனில் வாங்கலாம். நம் காப்புறுதி தானாக அங்கே செல்லாது. வெள்ளச் சேதத்துக்கும் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. 2025 நவம்பரில் ஹாட்யாய் மூழ்கியபோது மலேசியர்கள் ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். 2010 நவம்பரிலும் அந்த ஊர் மூழ்கியது. நவம்பர், டிசம்பரில் ஹாட்யாய் இருக்கும் சொங்க்லா பக்கம் டென்ட் போடும் யோசனையையே விட்டுவிடலாம். எந்தப் பக்கம் போனாலும் ஆற்றோரமும் நீர்வீழ்ச்சி அடிவாரமும் வேண்டாம். மலையில் பெய்த மழை, நமக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேரும்.

டென்ட்டை ஈரத்தோடு திருப்பினால் முன்பணத்தில் 30 வெள்ளி பிடிப்பார்கள். நியாயம்தான், சுருட்டிய ஈரத் துணியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். ஆனால் முன்பு எடுத்தவர் விட்ட பூஞ்சைக்கு நம்மிடம் பிடிக்காமலிருக்க, எடுக்கும்போதே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை என்பதால் வியாழன் மாலை கடையில் எதையும் விரித்துப் பார்க்க முடியாது. புதன்கிழமையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு நாளுக்கு வாடகை கேட்பதில்லை.