ஊதிப் பார்க்கும் இடத்தில் ஒரே ஒரு கழிப்பறை

காலையில் காபி குடித்த அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடவென்று உருள ஆரம்பித்துவிடும், பஸ் ஏறவே பயம். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை எனக்குச் செரிக்கிறதா என்று பார்க்க மருத்துவர் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஊசி இல்லை, குழாய் இல்லை, ஊதினால் போதும் என்றதும் சந்தோஷமாகத்தான் அந்த ஸ்கேன் சென்டருக்குப் போனேன்.

முதல் தடவை வீண். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து, ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் அங்கிருந்த பெண், "நாலு வாரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீங்களா சார்?" என்றார். பல் பிடுங்கியதற்கு எடுத்திருந்தேன். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை விடும், அது ரத்தத்தில் கலந்து மூச்சில் வரும், அதைத்தான் அளக்கிறார்கள். மாத்திரை போட்டு பாக்டீரியாவைப் பாதி கொன்றுவிட்டு ஊதினால் என்ன தெரியும்? போனில் நேரம் கொடுக்கும்போதே இதைக் கேட்டிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி. முந்தின நாள் பருப்பு, பயறு, காய்கறி எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைச் சோறு. வெறும் வயிற்றில் ஒருமுறை ஊதியதும் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார்கள், கிட்டத்தட்ட அரை லிட்டர் பாலில் இருக்கிற அளவு. லேசான தித்திப்பு, அவ்வளவுதான். அப்புறம் அரை மணிக்கு ஒருதரம், மூன்று மணி நேரம். தூங்கக் கூடாது, நடக்கக் கூடாது. டெக்னீஷியன் பெண் கெட்டிக்காரி, நேரம் பிசகாமல் கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். மூச்சில் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினாலே பாசிட்டிவ், அதாவது லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை. எனக்கு இரண்டாவது மணியிலேயே அதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே வயிறு ரிசல்ட்டைச் சொல்லிவிட்டது என்பது வேறு விஷயம்.

இங்கேதான் எனக்குக் கோபம். லாக்டோஸைக் குடிக்கவைத்து வரிசையாக ஆறு பேரை உட்காரவைக்கிற தளத்தில் ஒரே ஒரு கழிப்பறை! அதுவும் தாழ்ப்பாள் சரியில்லை.

சிலருக்குக் குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன்தான் அதிகம் வருமாம், இங்கே உள்ள மெஷின் அதையும் அளக்கிறது. வேறு இடத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். ரிப்போர்ட் அன்று சாயங்காலமே வந்தது. சோதனைக்கு நாலு ஸ்டார் கொடுக்கலாம், இடத்துக்கு இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை. போவதென்றால் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிடுங்கள்.