கீரிமலை: கேணியில் தொடங்குங்கள், கோயில் பிறகு

கீரிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நகுலேஸ்வரர் கோயிலுக்குள் நுழைவார்கள், பிறகு கேணியை எட்டிப் பார்ப்பார்கள், நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த ஒழுங்கை மாற்றிப் பாருங்கள். இந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் மூத்தது தண்ணீர். தண்ணீருக்காகத்தான் முனிவர் கதை வந்தது, கதைக்காகக் கோயில் வந்தது, கோயிலுக்கு வந்தவர்களுக்காக மடம் வந்தது. இரண்டு நாள் ஆறுதலாகத் தங்கிப் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு நாட்டுப்புறத் தலத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

பெயரில் மலை இருக்கிறதே என்று மலையைத் தேட வேண்டாம். வடகடலை ஒட்டிய சுண்ணக்கல் மேடு, அவ்வளவுதான். பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வந்து மாவிட்டபுரத்தில் மேற்கே திரும்பினால் வந்துவிடும். மொத்தம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்.

முதலில் கேணி. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை வலிகாமத்துச் செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. அதனால் நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. கரைக்கு வர வர இந்தப் படுக்கை மெலிந்து, கல்லின் வாயால் வெளியே பொங்குகிறது. அந்த வாயைச் சுற்றிச் சுவர் கட்டிப் படி இறக்கியதுதான் கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தண்ணீரில் உப்புச் சுவை மட்டுமட்டாகத்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் வியப்பது இதற்குத்தான்.

அந்த வியப்பு எல்லா நேரமும் கிடைக்காது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் ஊற்றுக்குக் கை ஓங்கும். தண்ணீர் தெளிந்து, அடிக்கல் தெரியும். பெருக்கில் கடல் மட்டம் உயர்ந்து ஊற்றை அமுக்கிவிடும், உப்பும் ஏறும். ஒரு நாளில் இரண்டு வற்று, இரண்டு பெருக்கு. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு நன்றாக இருந்ததென்றால், நாளைக்கு எட்டு மணியை ஒட்டிப் போங்கள். போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டிய நாட்களில் வற்றும் பெருக்கும் கூடுதலாக இருக்கும். வற்று நேரத்தில் சுவருக்கு வெளியே கடற்பாறைகளுக்கு இடையில் உற்றுப் பாருங்கள்: தெளிந்த கடல்நீரில் ஒரு இடம் மட்டும் எண்ணெய் விட்டதுபோலக் கலங்கி அசையும். அங்கேயும் ஊற்று வருகிறது என்று அர்த்தம்.

காலத்தையும் பாருங்கள். இந்தக் கரை வடக்கைப் பார்த்தது. வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் அலை சுவரைத் தாண்டி விழும்; கேணிக்குள் உப்பும் சாதாழையும் சேரும், படிகளில் பாசி தடிக்கும். அந்த மாதங்களில் கேணிக்காக மட்டும் வருவது வீண் அலைச்சல். மாசி முதல் ஆவணி வரை நல்லது. அதிலும் மாசி, பங்குனியில் நிலத்தடி நீர் இன்னும் நிறைந்திருக்கும், கடலும் அடங்கத் தொடங்கியிருக்கும்.

ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மறைப்புச் சுவருடன் வேறொரு கேணி. ஆண்கள் பக்கம் பெரியது, கடல் பார்த்தபடி குளிக்கலாம். பெண்கள் பக்கம் சிறியது, காட்சியும் இல்லை. பாதுகாப்புக்காகச் சுவர் வேண்டும் என்பது சரி. அதற்காக இடத்தையும் சுருக்கியிருக்க வேண்டியதில்லை. வெறுங்காலோடு, குந்தி, கையை ஊன்றி இறங்குங்கள். தண்ணீர் மட்டத்தில் இருக்கும் இரண்டு படிகள்தான் வழுக்கும், ஏனென்றால் அவைதான் ஒரு நாளில் நனைந்தும் காய்ந்தும் பாசி பிடிப்பவை. பொடியன்கள் சுவரில் ஏறிக் குதிப்பார்கள், பார்த்துப் பழகாதீர்கள்: அடியில் மணல் இல்லை, கல். சவர்க்காரம் கொண்டு வராதீர்கள். கேணியை அழுக்காக்கும் என்பது ஒருபுறம். சுண்ணாம்பு நிறைந்த வன்தண்ணீரில் அது நுரைக்கவும் மாட்டாது, வெள்ளைப் படையாகத் தலைமயிரில் ஒட்டும். இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். புனிதம் வேறு, தோட்டத்து உரம் கலந்த நிலத்தடி நீர் வேறு. திரும்பிப் போய் நல்ல தண்ணீரில் ஒருக்கால் ஊற்றிக்கொண்டால் தோலில் உப்புக் கடி இராது.

இனிக் கதை. கீரி முகத்தோடு இருந்த ஒரு முனிவர் இந்த ஊற்றில் நீராடி மனித முகம் பெற்றார். வடமொழியில் நகுலம் என்றால் கீரி. ஆகவே நகுல முனி, நகுலேச்சரம், கீரிமலை. அடுத்தது சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி. குதிரை முகத்தோடு வந்து இங்கே தீர்த்தமாடி அது நீங்கப் பெற்றதால், ‘மா’, அதாவது குதிரை முகம், விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கே அவள் எழுப்பிய கோயிலுக்குக் காங்கேயனாகிய முருகனின் விக்கிரகம் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இளவரசியின் கதை இருக்கிறது. வரலாறாக இதை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் இரண்டு கதையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: நோயோடு வந்தவர்கள் இந்தத் தண்ணீரில் குணம் தேடினார்கள். கோயிலை விட ஊற்றுக்குத்தான் முதலில் பேர் இருந்தது என்று நாங்கள் நினைப்பது இதனால்தான். பஞ்ச ஈச்சரங்கள் என்னும் ஈழத்து ஐந்து சிவத்தலங்களில் ஒன்றாக நகுலேச்சரத்தை எண்ணுகிறார்கள். எனினும் கோணேச்சரத்துக்கும் கேதீச்சரத்துக்கும் இருப்பதுபோலத் தேவாரப் பதிகம் இதற்கு இல்லை.

கோயிலுக்குள் பழைய கல்லைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1621இல் இந்தக் கோயில் இடிக்கப்பட்டது. பிறகு இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பெரிய கோயில் இல்லை. ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த சைவ எழுச்சியின் தொடர்ச்சியாக 1894இல்தான் மறுபடி கட்டினார்கள். அதுவும் 1990இல் விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர, ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. இன்று நீங்கள் பார்ப்பது அதற்குப் பிந்திய திருப்பணி. கோபுரத்தின் வண்ணப்பூச்சு எங்களுக்கு உவப்பில்லை, புதுச் சீமெந்தின் பளபளப்பும் அப்படியே. ஆனாலும் நகுலேஸ்வரருக்கும் நகுலாம்பிகைக்கும் பூசை நடக்கிற நேரத்தில் உள்ளே நின்றால் அது மறந்துபோகும். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். ஈர உடுப்போடு உள்ளே போகாதீர்கள். நடை சாத்தும் மதிய வேளையில் வந்து கதவைப் பார்த்து நிற்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. சிவராத்திரி இரவு கண்விழிக்க வருகிறவர்கள் பாய், போர்வை கொண்டு வாருங்கள். கடற்காற்று விடியப்புறம் குளிரும்.

பழமையின் மணம் வேண்டுமானால் கேணிக்குப் பக்கத்திலுள்ள சிறாப்பர் மடத்துக்குப் போங்கள். கீரிமலையில் எங்களுக்கு மிகப் பிடித்த கட்டடம் அதுதான். ஊருக்கு ஊர் நடந்து வந்த அடியார்கள் இளைப்பாறவென்று கட்டிய மடங்களில் மிச்சமிருப்பது. தூண்களையும் திண்ணையின் உயரத்தையும் பாருங்கள்: தலையில் சுமையோடு வந்தவர் அதை இறக்கி, அப்படியே சாய்ந்து இருக்கத் தக்க அளவு. வெயில் உச்சியில் நிற்கும்போதும் உள்ளே குளிர்மை. இதற்குமேல் சீமெந்து பூசி அழகுபடுத்தாமல் விட்டால் போதும். ஆனால் மடத்தில் இராத்தங்கலாம் என்று நம்பி வர வேண்டாம். தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கத்திலோ பட்டணத்திலோ அறை ஒழுங்கு செய்துகொண்டு வாருங்கள்.

சும்மா இருந்து பார்க்க வருகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இது இழவு வீட்டார் வருகிற இடம். யாழ்ப்பாணத்துச் சைவர்களில் பலருக்கு இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியை என்றால் கீரிமலைதான். விடியற்காலையில் கரையோரமாகக் குருக்கள் முன்னால் எள்ளும் தர்ப்பையுமாக இருக்கும் குடும்பங்களைப் படம் எடுக்காதீர்கள். நீங்களே கிரியைக்கு வருவதென்றால் குருக்களிடம் முன்கூட்டியே பேசி, எந்தெந்தச் சாமானை அவர் கொண்டுவருவார், எதை நீங்கள் கொண்டுவர வேண்டும், தட்சணை எவ்வளவு என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அங்கே வந்து பார்ப்போம் என்று வருகிற குடும்பங்கள்தான் கடைசி நேரத்தில் வாழையிலைக்கும் பச்சரிசிக்கும் ஓடித் திரிவது. அஸ்தி கடலுக்கு, குளிப்பு கேணிக்கு. மாறிச் செய்யக் கூடாது. அஸ்தி முட்டி சுற்றிவந்த பொலித்தீன் பையைக் கடலில் விட்டால் அலை அதை அடுத்த குடும்பத்தின் காலடியில் கொண்டுவந்து போடும்.

ஆடி அமாவாசை தனி. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து பிதிர்க்கடன் செய்யும் நாள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் தீர்த்தமும் அன்றைக்கு இங்கேதான். இந்த இடத்தை முழுதாகப் புரிந்துகொள்ள அந்த நாள்தான் நாள், ஆறுதல் தேடி வரக் கூடாத நாளும் அதுவே. கேணியில் கால் வைக்க இடமிராது. அன்று போவதானால் இருட்டோடு போய், வெயில் ஏறமுன் திரும்பிவிடுங்கள். தாயை இழந்தவர்களின் சித்திராப் பறுவத்துக்கும் சனம் வரும்.

இரண்டாம் நாளை அயலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாவிட்டபுரம் முதலில். 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காக இந்தக் கோயில் வாசலில் போராடினார்கள். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும் பதினொரு வருடம் கழித்து இது நடந்தது. இடித்த அந்நியரின் பெயரைச் சொல்லும் வழிகாட்டிகள் இதைச் சொல்லமாட்டார்கள். இதுவும் தல வரலாறுதான்.

தெற்கே சுன்னாகத்துக்குக் கிட்டக் கந்தரோடை. பனைகளுக்கு நடுவே இருபதளவில் சின்னச் சின்னக் கல் தூபிகள், சில இடுப்பளவு உயரம்தான். 1917இல் போல் பீரிஸ் ஆராயத் தொடங்கியது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களோடு ஆதி இரும்புக்காலக் குடியிருப்பு வெளிவந்தது. பௌத்தத்துக்கு முந்திய சனம், பிறகு பௌத்தம், பிறகு சைவம் என்று ஒரே மண்ணில் படிந்த அடுக்குகள். பௌத்தம் என்றவுடனே ஒரு மொழிக்கு எழுதிக்கொடுக்கிறவர்களும், அவமானம்போலப் பேசாமல் கடந்து போகிறவர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: மணிமேகலை பாடிய மொழிக்கும் பௌத்தம் சொந்தம். நிழல் குறைவு, குடை கொண்டு போங்கள். அரை மணித்தியாலம் போதும்.

கீரிமலையிலிருந்து மேற்கே கரையோரமாக மாதகல் பக்கம் போனால் சம்புத்துறை. மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளம், அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய துறை இதுவே என்பார்கள். இப்போதுள்ள விகாரை அண்மைக்காலக் கட்டடம். கடல் மட்டும்தான் பழையது. நேரமில்லையென்றால் விட்டுவிடலாம். கிறிஸ்தவ அடுக்குக்குத் தோலகட்டி: 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம், மௌனமும் செபமும் உழைப்புமாக வாழும் துறவிகள். உள்ளே சுற்றிப் பார்க்கும் இடமென்று எண்ணிப் போகாதீர்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டணத்தில் கிடைக்கும் தோலகட்டி நெல்லிரசத்தில் ஒரு போத்தல் வாங்கினால், வெயிலில் அலைந்து வந்த தாகத்துக்கு ஒரு பங்கு ரசத்துக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டுக் குடிக்கலாம்.

போக்குவரத்து: காங்கேசன்துறை ரயில் 2015 தொடக்கம் மறுபடி ஓடுகிறது, மாவிட்டபுரத்தில் நிற்கிற ரயிலா என்று கேட்டு ஏறி, அங்கிருந்து ஓட்டோ பிடியுங்கள். சைக்கிளில் வருகிறவர்களுக்கு வீதி சமதரை, ஆனால் வாடையில் வரும்போது காற்று முகத்தில், சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) திரும்பும்போது முகத்தில். சாப்பாட்டுக்குக் கோயிலடிக் கடைகளில் தேத்தண்ணி, வடை கிடைக்கும். மதியச் சாப்பாட்டை அங்கே நம்பாதீர்கள், சுன்னாகத்தில் முடித்துக்கொண்டு வாருங்கள். மீன், இறைச்சி கட்டிக்கொண்டு வர வேண்டாம். மாற்று உடுப்பு, துவாய், செருப்பு போட ஒரு பை, சில்லறைக் காசு. இருட்டினால் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது. காலையில் கொண்டுவந்து விட்ட ஓட்டோக்காரரின் நம்பரை இறங்கும்போதே வாங்கி வைத்திருங்கள்.