சென்னை – மதுரை: விமானமா, வந்தே பாரத்தா, பாண்டியனா?

மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 420 கிலோமீட்டர். ரயில் விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு போவதால் 490-க்குக் கொஞ்சம் மேல். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தில்தான் மலைக்க வைக்கிறது: விமானத்துக்கு ஒன்றே கால் மணி, வைகை எக்ஸ்பிரஸுக்கு ஏழரை மணி.

அந்த ஒன்றே கால் மணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இந்தத் தடத்தில் ஏ.டி.ஆர். 72 விமானங்கள் பறக்கின்றன. இறக்கையில் விசிறி சுற்றுமே, அந்தச் சின்ன விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. வாக்கில். கணக்குப்படி 50 நிமிடத்தில் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரைக்கும் கணக்கு. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். அதனால் இதே தடத்தில் பெரிய ஜெட் பறந்தாலும் சில நிமிடங்கள்தான் மிச்சமாகும்.

அப்புறம் வீட்டுக் கணக்கு. நான் இருப்பது பெரம்பூர், அம்மா இருப்பது சிம்மக்கல். பெரம்பூரிலிருந்து விமான நிலையம் போக ஒன்றே கால் மணி. பெட்டி போடும் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். மதுரையில் இறங்கிப் பெட்டி எடுத்து, ஊருக்குள் வர இன்னொரு மணி நேரம். ஆக, ஐந்து மணி நேரம்.

2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத், எழும்பூரில் அதிகாலை ஐந்து மணி வாக்கில் கிளம்பி ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடுகிறது. முன்னும் பின்னும் ஆட்டோ, காத்திருப்பு எல்லாம் சேர்த்தும் எனக்கு ஆறரை மணிதான். ஒன்றரை மணி நேர வித்தியாசத்துக்கு விமானக் கட்டணம் கொடுக்க எனக்கு மனசு வராது. பல்லாவரத்துக்காரருக்குக் கணக்கு வேறு. அவருக்கு விமானப் பயணம் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். வந்தே பாரத்தையும் தாம்பரத்திலேயே பிடிக்கலாம்.

ஆனால் ஒரு நாள் மதியம், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. வந்தே பாரத் காலையிலேயே போயாகிவிட்டது. ஒன்றே முக்காலுக்கு வைகையைப் பிடித்தாலும் மதுரை போய்ச் சேர இரவு ஒன்பது தாண்டிவிடும். மூன்று மணி விமானத்தில் இடம் கிடைத்தது. ஐந்தரைக்கு அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவசரம் என்று வந்துவிட்டால் எது வேகம் என்பதைவிட, அடுத்தது எப்போது கிளம்புகிறது என்பதுதான் முக்கியம். ஒரு நாளைக்குப் பல முறை பறப்பதால் விமானத்துக்கு இதில் ஈடு கிடையாது. அன்று கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

சும்மா பார்த்துவிட்டு வர என்றால் எனக்கு இரவு ரயிலான பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான். மணிக்கணக்கில் பார்த்தால் அதுதான் மெதுவானது. ஆனால் பகல் பொழுதில் ஒரு மணிகூட வீணாகாது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சாப்பிட்டு, எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடியலில் மதுரை. அம்மா வாசல் தெளிக்கும் நேரத்துக்கு நான் சிம்மக்கல்லில் இருப்பேன்.