பெரிய தண்ணீரா, காலடித் தண்ணீரா?

ராக்கெட் படம் எடுக்கப் பழவேற்காடு போகிறவர்கள் ஏரியை நம்பித்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஷட்டரைத் திறந்தே வைத்தால் ராக்கெட்டின் ஒளி வானத்தில் ஒரு கோடு, அதன் பிம்பம் தண்ணீரில் ஒரு கோடு என்பது என் கணக்கு. வானத்துக் கோடு வந்தது. ஏரியில் கிடைத்ததோ கலங்கிய ஆரஞ்சுத் திட்டு மட்டும். ஆனால் படத்தின் கீழ் ஓரத்தில், முகத்துவாரத்து மணலில் தேங்கிய முழங்கை அகலக் குட்டையில், கம்பி இழுத்த மாதிரி ஒரு துண்டுக் கோடு!

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது புரிந்தது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். சத்தம் வந்துசேரவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ராக்கெட் 10 டிகிரி ஏறிவிட்டால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும் கேமராவுக்குப் பிம்பம் விழுவது எட்டரை மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரில். கேமராவை ஓர் அடி உயரத்துக்கு இறக்கினால் இரண்டு மீட்டருக்கும் உள்ளே. மேலே ஏற ஏற, பிம்பம் நம் காலை நோக்கி வரும். நடு ஏரி அலையடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

ஸ்ரீஹரிகோட்டாவிலேயே இஸ்ரோவின் பார்வையாளர் மாடம் 2019 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது; முன்பதிவு வேண்டும். அதிர்வை நெஞ்சில் வாங்க ஆசையென்றால் அங்கே போங்கள். பிம்பத்துக்குப் பழவேற்காடுதான், அதிலும் நிலவில்லாத இரவு. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிய நாள் அமாவாசை. அப்படிப்பட்ட இருட்டில் கேமராவின் ஒளியுணர்வைக் குறைத்து ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 என வைத்து ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைக்கலாம்; வானம் வெளுக்காது.

தண்ணீரில் ரயிலின் பிம்பம் எடுப்பதற்கும் இதே வழக்குதான். எல்லோரும் பாம்பன் கடல் பாலத்துக்கு ஓடுகிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பாலத்தை எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே காற்றும் நீரோட்டமும் தண்ணீரைச் சும்மா விடுவதில்லை. ரயிலின் பிம்பம் கிடைப்பது அபூர்வம்.

என் ஓட்டு தஞ்சாவூர்ப் பக்கத்து வயலுக்கு. பரம்படித்து, நடவுக்கு முன் நிற்கும் கணுக்கால் தண்ணீர். நான்கு பக்கமும் வரப்பு இருப்பதால் அலை எழும்பாது. நின்று பார்த்தால் சேறுதான் தெரியும். வரப்பில் குந்தி, கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள், வானம் முழுக்க உள்ளே இறங்கிவிடும். ரயில் மேடு உயரமென்றால் பிம்பத்தில் சக்கரங்கள் மறைந்துபோகும். இரண்டு வயல் தள்ளிப் பின்னால் போனால் சரியாகும்.

போன முறை எல்லாம் கூடி வந்தது. இஞ்சினும் நான்கு பெட்டிகளும் தண்ணீரில் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தன. வரப்பில் வந்த பெரியவர் வழுக்கி ஒரு காலை வயலில் வைத்தார். மொத்த ரயிலும் கலைந்துபோனது. அவர் அப்படியே நின்று, "அசையாம இருக்கேன் தம்பி, எடுத்துக்குங்க. பின்னாலயே இன்னொரு வண்டி வரும்" என்றார்.