மூன்று வருஷமாக ஒரே மருதாணிப் பொடி: நிறம் அருமை, நார்தான் தாங்க முடியவில்லை

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவிலிருந்து அண்ணி போன் செய்தார். ஜூலையில் மகளுக்குக் கல்யாணம். "நீ போடுற அந்த ராஜஸ்தான் பொடியையே நானும் வாங்கட்டுமா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டுவிடுகிறேன். மூன்று வருஷமாக இந்தப் பொடிதான். சோஜத் பக்கத்து இலை. நிறத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இரவு வைத்துக் காலையில் உதிர்த்தால் கேரட் நிறம். அன்று முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டாம் நாள் உள்ளங்கை கருஞ்சிவப்பு. இதைவிட நன்றாகச் சிவந்த பொடியை நான் தொட்டதில்லை.

ஆனால் நார். பாக்கெட்டில் 'மூன்று முறை சலித்தது' என்று போட்டிருக்கிறது. பிசையும்போதும் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். கோன் நுனிக்கு வரும்போதுதான் தெரியும். போன டிசம்பர், சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெண்ணுக்கு வலது கையில் மயில் கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். இழை நின்றது. லேசாக அழுத்தினேன், பொத்தென்று ஒரு சொட்டு, கோட்டின் மேலேயே. குண்டூசியால் குத்தி எடுத்தால் கண்ணிமை முடியைவிட மெல்லிய நார் ஒன்று. உடனே துடைத்தும் ஆரஞ்சுத் தடம் பதிந்துவிட்டது. அதை ஒரு இலையாக மாற்றி முடித்தேன். அந்தப் பெண் "பரவால்லக்கா" என்றாள். எனக்கு இன்றும் அந்த இடம் உறுத்துகிறது.

மதுரையில் பாட்டி இலையைக் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைப்பார். விரலுக்குத் தொப்பி, உள்ளங்கையில் ஒரு நிலா, சுற்றிப் பொட்டு. அதில் நார் கிடந்தால் யாருக்கு என்ன? முடி மாதிரி கோடு இழுக்கிற வேலைக்கு விற்கிற பொடியில் இருக்கலாமா என்பதுதான் என் கோபம். இப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் நைலான் ஸ்டாக்கிங்கில் விழுதைப் போட்டுப் பிழிகிறேன். அரைக் கிலோ பொடிக்கு ஒரு மணி நேரம், மணிக்கட்டு விட்டுப்போகிறது. கடைசியில் துணியில் பச்சைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். சலித்த பொடி என்றுதானே காசு வாங்கினார்கள்?

அண்ணி, நீங்களே பிசைவதானால் உங்கள் ஊருக்கு வேறு கணக்கு. 100 கிராம் பொடிக்கு, கெட்டித் தயிர் பதம் வரும்வரை எலுமிச்சைச் சாறு. சாயம் இறங்கிய பிறகு 30 மில்லி லாவெண்டர் எண்ணெய். சர்க்கரை டர்பன் புழுக்கத்துக்கு 15 கிராம் போதும், கூடினால் கையில் வழிந்துவிடும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காற்று வறண்டது. 30 கிராம் போடாவிட்டால் விழுது வெடித்துக் கொட்டிவிடும். இங்கே கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் சாயம் இறங்கும், அங்கே ஜூலையில் ஒரு நாள் ஆகலாம். கிண்ணத்தைக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிஷத்தில் துடைத்தால் ஆரஞ்சு தெரிய வேண்டும். தெரியும்வரை எண்ணெய் ஊற்றாதீர்கள்.

சீக்கிரம் கறுக்கும் என்று 'கறுப்பு மருதாணி' யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் முடிச்சாயத்தில் போடும் பிபிடி இருக்கும். கல்யாணப் பெண்ணின் கை கொப்பளித்துப் போனால் யார் என்ன செய்ய முடியும்?

இந்தப் பொடியை நீங்கள் வாங்க வேண்டாம். உங்களுக்குப் பிழிய நேரம் இருக்காது. எனக்கு 2 கிலோவுக்கு நேற்றுப் பணம் கட்டிவிட்டேன். நானே பிழிந்து, கோன் போட்டு, ப்ரீசரில் உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் அனுப்புகிறேன். எத்தனை கைக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.