நிழலுருப் படம்: பால்மரமா செம்பனையா, காலையா மாலையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் காலை ஆறரை மணிக்கும் இருட்டு விலகியிருக்காது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து, இங்கே சூரியன் எழ ஏழு மணி வாக்கில் ஆகிவிடுகிறது. படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. பசியாறிவிட்டு மோட்டாரில் கிளம்பி, தோட்டத்து மண்சாலையில் போய் இறங்கினாலும் வானம் வெளுக்கும் நேரம் தப்பாது.

கறுப்பு வெள்ளையில் நிழலுருப் படம் (பின்னால் வானம் வெளிச்சம், முன்னால் உருவம் வெறும் கறுப்பு) எடுப்பதில் இந்த ஊரிலேயே இரண்டு மூன்று வழிகள் உண்டு. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவன் என்ற முறையில், எது எதைவிட மேல் என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் மரம். பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, தண்டு நேர், கிளை உயரத்தில் பிரியும். இரண்டு நிரைகளுக்கு நடுவில் வானம் தானாகக் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து நிற்கும் சில வாரங்களில் ஒவ்வொரு சுள்ளியும் பேனா மையால் கிழித்த கோடு மாதிரி தெரியும். அந்த வாரங்களைத் தவறவிடாதீர்கள்.

செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, அப்படி இல்லை. தனி மரமாகப் பார்த்தால் பால்மரத்தைவிட அழகான உருவம் அதற்கு. ஆனால் ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண வாக்கில் நடுகிறார்கள், ஹெக்டேருக்கு ஏறக்குறைய 140 மரங்கள். வளர்ந்த பிறகு மட்டையோடு மட்டை கோத்துக்கொள்ளும். உள்ளே நின்று எடுத்தால் படத்தின் மேல்பாதி முழுக்க ஒரே கறுப்பு அப்பல். செம்பனையை எடுக்க வேண்டுமானால் மறுநடவு செய்த இடத்தின் ஓரத்துக்குப் போங்கள். எதிரே கன்றுகள், அதற்கு அப்பால் பழைய மரங்களின் கடைசி வரிசை, அதற்குப் பின்னால் திறந்த வானம். குந்தி உட்கார்ந்து கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் கன்றின் மட்டையும் வானத்துக்குள் ஏறிவிடும்.

இடைவெளியின் அருமை எனக்குப் புரிந்தது தோட்டத்து முனியாண்டி கோயிலில். நட்டு வைத்த சூலம், பின்னால் ஒரு செம்பனை. எடுத்தபோது திரையில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் சூலத்தின் நடுமுனை மட்டைக்குள் போய் மறைந்திருந்தது. இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் விரலகலம் வானம் கிடைத்திருக்கும். எடிட்டிங்கில் அதைப் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் கறுப்பும் கறுப்பும் சேர்ந்த இடத்தில் பிரிக்கக் கோடே இல்லை. அடுத்த வாரம் போய்த் திரும்ப எடுத்தேன். வயாங் கூலிட் என்னும் மலாய் நிழற்கூத்தின் பாவைகளைப் பாருங்கள், நம் தோல்பாவைகளையும் பாருங்கள்: முகம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும். திரையில் விழும் நிழலுக்கு மூக்கும் மோவாயும் வேண்டும் என்று அந்தக் கலைஞர்களுக்குத் தெரியும். ஆளை எடுக்கும்போது நாமும் அதையே செய்யலாம். பக்கவாட்டில் திரும்பி, கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி நிற்கச் சொல்லுங்கள்.

சரி, எந்த நேரம்? பெரும்பாலானவர்கள் மாலையைத்தான் சொல்வார்கள். நான் காலைப் பக்கம். மாலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மேகமும் வடிவாக அமையும். ஆனால் கீழே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். பக்கத்து மரம், தூரத்து மரம், சுண்ணாம்புக்கல் மலை எல்லாம் ஒட்டிய ஒற்றைத் துண்டு. காலையில் மூடுபனி இருந்தால் தூரம் போகப் போக நிறம் வெளுக்கும். கிட்டத்து மரம் கறுப்பு, அடுத்த நிரை சாம்பல், மலை வெளிர்சாம்பல். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் வடிவம் பிரிந்து நிற்கும். சூலத்துக்கு நான் தேடி அலைந்த இடைவெளியைப் பனி சும்மாவே கொடுக்கிறது.

ஒளி அளவில் இரண்டுக்கும் நேரெதிர்க் கணக்கு. மாலையில் வானத்தை அளவெடுத்து, அதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு படி (ஒரு படி குறைத்தால் ஒளி பாதி) குறைக்க வேண்டும். அதே பழக்கத்தில் பனிக்காலையில் குறைத்தால் படம் அழுக்காகும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும், வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கிவிடும். அங்கே ஒரு படி கூட்டுங்கள். கைப்பேசிக்காரர்களுக்கு ஒன்று: எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் தானே சமன் செய்யும் வசதி) நிழலைத் தூக்கிவிட்டு நிழலுருவையே கெடுக்கும். அதை அணைத்துவிட்டு, திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

அப்புறம், கேமராவிலேயே கறுப்பு வெள்ளையில் எடுப்பதா, வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றுவதா? நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். கேமராவின் கறுப்பு வெள்ளை ஜேபெக்கில் (கேமராவே முடித்துச் சுருக்கித் தரும் கோப்பு) நிறம் போனால் போனதுதான். நிறம் இல்லாமல் அந்தி வானத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மலையோரம் ஆரஞ்சு, உச்சியில் நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம்! வெறுமனே நிறத்தை நீக்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடலாம். வண்ணக் கோப்பு கையில் இருந்தால் எடிட்டிங்கில் ஆரஞ்சின் வெளிச்ச ஸ்லைடரை ஏற்றி நீலத்தை இறக்கலாம். அடிவானம் வெளுத்து, உச்சி கறுத்து, நடுவில் மரத்தின் விளிம்பு கத்தி மாதிரி எழும். பழைய காலத்தில் லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டிச் செய்த வேலை இது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1927-இல் ஹாஃப் டோம் பாறையின் முகத்தை எடுத்தபோது அப்படித்தான் வானத்தைக் கறுப்பாக்கினார். ஸ்லைடர்களை மறுபக்கம் தள்ளினால் அடிவானமும் இருண்டு, மரம் அதற்குள் அமிழ்ந்துவிடும். அந்தி வெளிச்சத்தில் நீலச் சேனலுக்கு (படத்தில் நீல ஒளியை மட்டும் பதியும் பகுதி) போதுமான ஒளி கிடைப்பதில்லை, அதனால் புள்ளிப் புள்ளியாக நொய்சும் கிளம்பும்.

கைப்பேசி எடிட்டிங் செயலியான ஸ்னாப்சீடின் கறுப்பு வெள்ளைக் கருவியிலும் இதே சிவப்பு, நீல வடிகட்டிகள் உண்டு. கேமரா வைத்திருப்பவர்கள் பார்ப்பதற்குக் கறுப்பு வெள்ளை, சேமிப்பதற்கு ரா (கேமரா பிடித்ததை அப்படியே வைக்கும் கோப்பு) என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் வடிவம் மட்டும் தெரியும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும்.

சிவப்பு வடிகட்டி எல்லா வெண்மையையும் கிழிக்காது. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் நாட்களில் அது ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் நுண்ணிய புகைத்துகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. மூடுபனியின் நீர்த்துளி பெரியது, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். ஆகவே பனிப் படத்தில் நிறத்தோடு மல்லாடாமல் நேராகக் கர்வுக்கு (வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் வளைகோடு) போங்கள்.

கறுப்பை எவ்வளவு அமுக்குவது? மாலைப் படத்தில் முழுக்க அமுக்கிவிடுவேன். அரைகுறையாகத் தெரியும் புல்லும் வேலியும் கண்ணை இழுக்கும். பனிப் படத்தில் முன்னால் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் முழுக் கறுப்பு, மற்றதைத் தொடுவதில்லை. மங்கலை நீக்கும் டீஹேஸ், விளிம்பை அழுத்திக் காட்டும் கிளாரிட்டி இரண்டையும் ஏற்றாதீர்கள். மலை விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் போடும், கஷ்டப்பட்டுப் பிடித்த பனியையும் தின்றுவிடும். வழுவழுப்பான வானம் பட்டை பட்டையாக உடைந்தால் லேசாகக் கிரெய்ன் (பழைய ஃபிலிம் மாதிரி நுண்புள்ளிகள்) தூவுங்கள். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. பட்டை விழுவது பெரும்பாலும் முதல் வகையில்தான்.

அச்சில் பளபளப்புத் தாளில் கறுப்பு ஆழமாக இறங்கும், மாலைப் படத்துக்கு அது. பனிக்கு மேட் தாள். பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்தபோது சாம்பல் எல்லாம் பச்சை பூத்து வந்தது. முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள்.

கடைசியாக ஒரு ஜோடிப் படம். மாமா தன் பழைய காண்டாக் கம்பை (இரு முனையிலும் பால் வாளி மாட்டித் தோளில் சுமக்கும் கம்பு) தேடி எடுத்து வந்து, பனிக்காலையில் பால்மர நிரையில் பக்கவாட்டில் நின்றார். முதலில் காலி வாளிகள். அப்புறம் அவரே வாளிகளில் தண்ணீர் நிரப்பித் தூக்கினார். இடம், வெளிச்சம், எடிட்டிங் எதிலும் மாற்றமில்லை. முகம் இரண்டிலும் கறுப்பு, வாளிக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. இரண்டையும் பாட்டியிடம் கொடுத்தேன். முப்பது வருடம் பால்வெட்டியவர். முதல் படத்தைச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டார். இரண்டாவதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வளைந்திருந்த கம்பின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுலதான்பா பால் இருக்கு."