முழங்கால் பிரேஸுக்கு எழுதி வாங்கிய காப்புரிமை வரைவு: கீலுக்கு மூன்று பக்கம், பூட்டுக்கு ஒரு வரி

நான் வடிவமைத்த முழங்கால் பிரேஸுக்கு (முழங்காலைத் தாங்கும் கீல் வைத்த பட்டை) முழு விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கிக் காப்புரிமை கோரும் ஆவணம், எழுதித் தரும் வேலையைச் சென்னையிலுள்ள ஒரு காப்புரிமைச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தேன். முதலில் கொடுக்கும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கெடுவுக்கு ஐந்து வாரம் முன்பே வரைவு வந்துவிட்டதால், வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முழங்கால் கதவுக் கீலைப் போல ஒரே அச்சில் மடங்குவதில்லை. தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின் மீது உருண்டும் வழுக்கியும் நகர்வதால் சுழலும் மையமே இடம் மாறுகிறது. ஒற்றை அச்சுக் கீல் போட்ட பிரேஸ் நடக்க நடக்கக் கீழே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஒன்றையொன்று கவ்வும் இரு பல்துண்டுகள் கொண்ட இரட்டை அச்சுக் கீலை வைத்தேன். அது பழைய உத்திதான். படி இறங்கும்போது கால் சட்டென மடங்காமல் பல்லில் விழுந்து பிடித்துப் பூட்டும் சிறு நாக்குதான் என் சொந்தச் சரக்கு.

வரைவோ கீலைப் பற்றி மூன்று பக்கம் பேசிவிட்டு, பூட்டுக்கு "பொருத்தமான பூட்டு அமைப்பு மடக்கத்தைத் தடுக்கும்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. நாக்கு எந்தக் கோணத்தில் விழும், அதைத் தள்ளும் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது, உட்கார விரும்புபவர் அதை எப்படி விடுவிப்பார் என்பவற்றுக்கு விடையே இல்லை. போதாக்குறைக்கு, படம் 3-இல் எண் 24 நாக்கைக் காட்ட, உரையில் அதே 24 தொடைப்பட்டையாகிவிட்டது. எங்கள் பட்டறை லேத் மிஷின்காரரிடம் வரைவைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன், பூட்டு வந்ததும் "இங்க என்ன சார் வைக்கிறது?" என்றார். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4)ஆம் பிரிவு, கண்டுபிடிப்பையும் அது இயங்கும் விதத்தையும் முழுமையாக விவரித்து, விண்ணப்பதாரர் அறிந்த மிகச் சிறந்த செய்முறையையும் வெளியிடச் சொல்கிறது. லேத்காரரின் கேள்விக்குப் பதிலில்லாத ஆவணம் அதை எப்படி நிறைவேற்றும்?

நிறுவனத்திடம் முறையிட்டபோது, "விரிவாக எழுதினால் உரிமை சுருங்கிவிடும், காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கேட்டால் பிறகு சேர்க்கலாம்" என்றார்கள். உரிமையின் எல்லையை வரையறுப்பவை முதன்மையாக ஆவணத்தின் முடிவில் வரும் கோரிக்கைகளே (claims). விவரிப்பில் ஒரு வடிவத்தை எடுத்துக்காட்டியதால் மட்டும் அது குறுகிவிடாது. அடுத்த பாதிதான் ஆபத்தானது: ஆவணத்தில் வெளிப்படுத்தாத விஷயத்தைத் திருத்தம் என்ற பெயரில் பின்னர் நுழைக்க 59ஆம் பிரிவு இடந்தராது, விவரிப்புப் போதாமையையே காரணமாகக் காட்டி 25ஆம் பிரிவின்கீழ் எதிர்ப்பும் 64ஆம் பிரிவின்கீழ் ரத்தும் கோர முடியும்.

பூட்டுப் பகுதியை அளவுகளோடு நானே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்து, எண்களையும் சரிசெய்தார்கள். படிவங்களுக்கும் கெடுக்களுக்கும் இவர்களை நம்பலாம். ஆனால் வரைவை எழுதியவர் கடைசிவரை பிரேஸை ஒருமுறைகூடக் கையில் வாங்கி மடக்கிப் பார்க்கவில்லை.